டைனோ காட்டும் எண்ணும் தொப்பூர் ஏற்றமும்

ஒரு காரின் இன்ஜினில் கை வைத்த பிறகு அது முன்னைவிட நன்றாக இழுக்கிறதா என்பதை யார் சொல்வது? ஓட்டுகிறவரா, வேலை பார்த்த மெக்கானிக்கா, ஓடும் சாலையா, உருளைமேல் காரைக் கட்டி எண்ணை அச்சடித்துத் தரும் டைனமோமீட்டரா? கேள்வி இருநூறு ஆண்டுப் பழசு. டைனோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கருவி வந்ததும் வழக்கு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கருவி தரும் எண்ணை எப்படிப் படிப்பது என்ற புது வழக்குத்தான் கூடச் சேர்ந்தது.

தருமபுரியிலிருந்து பார்க்கும்போது இந்த வழக்குக்கு ஒரு தனிச் சுவை உண்டு. வடக்கே சில மணி நேரத்தில் பெங்களூரு. இன்ஜின் கணினியின் கோப்பை மாற்றி எழுதுவதைக் குறிக்கும் ரீமேப் என்ற சொல்லைத் தென்னிந்தியக் கார்க்காரர்களின் நாக்கில் பழக்கியதில் அந்நகரப் பட்டறைகளுக்குப் பெரிய பங்குண்டு. வழியில் ஓசூர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். 1980இல் அசோக் லேலண்ட் அங்கே ஆலை திறந்தது. அதே ஆண்டு அங்கிருந்துதான் டிவிஎஸ் 50 வெளிவந்தது. தெற்கே சேலம் சாலையில் தொப்பூர் கணவாய். ஆக, இன்ஜினை ஆலையில் அளப்பவர்கள், பட்டறையில் அளப்பவர்கள், மலையில் அளப்பவர்கள் என்று மூன்று தரப்பும் தேசிய நெடுஞ்சாலை 44இன் ஒரே நீட்சியில் அமைந்துவிட்டன.

குதிரையிலிருந்து உருளை வரை

குதிரைத்திறன் என்ற அலகு பிறந்ததே வியாபாரத்துக்காக. நீராவி இன்ஜின் விற்ற ஜேம்ஸ் வாட், தன் இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குபவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று அவர் வகுத்த கணக்கு இன்றைய அலகில் ஏறத்தாழ 746 வாட். எண்ணைச் சொல்கிறவர் விற்பவராகவும் இருப்பார் என்ற சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் தெ புரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் கவ்விப் பிடித்து, அது கட்டையை இழுக்கும் விசையை நெம்புகோலின் முனையில் எடை வைத்து அளந்தார். பிரேக் குதிரைத்திறன் என்று விளம்பரங்களில் இன்றும் வரும் பெயரின் வேர் இதுவே. 1877இல் வில்லியம் ஃப்ரூட் மரக்கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்துக் கப்பல் இன்ஜின்களை அளந்தார். இருபதாம் நூற்றாண்டில் சுழல் மின்னோட்ட பிரேக் வந்தது. 1980களில் அமெரிக்காவின் டைனோஜெட் நிறுவனம் கனமான உருளை ஒன்றைத் தரையில் பதித்து, வண்டியின் சக்கரம் அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றி எடுக்கிறது என்பதிலிருந்து சக்தியைக் கணக்கிட்டது. இன்ஜினைக் கழற்றாமலே அளக்கலாம் என்றானதும் டைனோ ஆலையை விட்டு வெளியேறித் தனியார் பட்டறைக்குள் நுழைந்தது.

இவை அனைத்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. எந்த டைனோவும் சக்தியை நேரே அளப்பதில்லை. முறுக்குவிசையையோ உருளையின் முடுக்கத்தையோ அளக்கிறது. மீதியைக் கணக்கு செய்கிறது. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட். அளவுக்கும் அச்சான எண்ணுக்கும் நடுவே இப்படி எத்தனை கணக்குகள் உட்கார்ந்திருக்கின்றனவோ, அத்தனை இடங்களில் விவாதத்துக்கு வாய்ப்பு இருக்கிறது.

காதும் பிளக்கும்

முதல் தரப்பு மிகப் பழையது. அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் டியூனிங் என்றால் கார்புரேட்டர் ஏர் ஸ்க்ரூ, பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றே திருப்பி வைக்கும் டைமிங். மெக்கானிக்கின் அளவுகோல் காது. ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்தால் லேசாக நாக்கிங் கேட்டு மறைய வேண்டும். மறையாவிட்டால் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவார். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி, கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு.

இதை வெறும் கைப்பக்குவம் என்று ஒதுக்க முடியாது. லேசான நாக்கிங் விளிம்பில் டைமிங்கை நிறுத்துவது, இன்று நாக் சென்சர் ஒவ்வொரு நொடியும் செய்யும் வேலைதான். பிளக் நிறம் காற்று-எரிபொருள் விகிதத்தின் சுவடு. இம்முறையின் பலவீனம் வேறிடத்தில். காது சொல்வது அந்த ஒரு சுழற்சி வேகத்துக்கும் அந்த ஒரு சுமைக்கும் மட்டுமே பொருந்தும். பெங்களூருவில் சரியாக வைத்த கார்புரேட்டர், காற்று பத்து சதவீதம் அடர்த்தியான சென்னைக்கு இறங்கும்போது கலவையை ஐந்து சதவீத அளவு மெலிதாக்கிவிடும். காதுக்கு அது எட்டாது. சத்தம் கூடினால் சக்தி கூடியதாகத் தோன்றும் மயக்கமும் உண்டு. சைலன்சர் மாற்றிய வண்டிகள் எல்லாமே வேகம் கூடியதாக உரிமையாளர்கள் சொல்வது இதனால்தான்.

ஆலை தந்த எண்

இரண்டாவது தரப்பு, தயாரிப்பாளர் சொல்வதே உண்மை என்கிறது. ஆலையில் இன்ஜினைத் தனியே மேசையில் ஏற்றி, காற்றின் வெப்பத்தையும் எரிபொருளின் வெப்பத்தையும் கட்டுக்குள் வைத்து, மணிக்கணக்கில் ஓட்டி எடுக்கும் அளவுக்கு எந்தப் பட்டறை உருளையும் ஈடாகாது. இதில் ஐயமில்லை. சந்தேகம் எழுவது, அளந்தது எதை, அறிவித்தது எதை என்பதில்.

அமெரிக்க நிறுவனங்கள் 1971 வரை மொத்தத் திறனை அறிவித்து வந்தன. ஏர் ஃபில்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, முழு சைலன்சர் இல்லை, அம்மணமான இன்ஜின். 1972 மாடல்களிலிருந்து வண்டியில் உள்ளபடியே பொருத்தி அளக்கும் நிகரத் திறனுக்கு மாறினார்கள். காடிலாக்கின் 8.2 லிட்டர் இன்ஜின் ஒரே ஆண்டில் மொத்தமாக 365, நிகரமாக 235 என்று இரண்டு எண்களைச் சுமந்தது. இன்ஜினில் ஒரு போல்ட்டும் மாறவில்லை. ஜப்பானில் கதை தலைகீழ். 1989 முதல் 2004 வரை 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். சில கார்கள் அதைவிடக் கூடுதலாகத் தந்தது ஊரறிந்த ரகசியம்.

வாடிக்கையாளர் கையில் டைனோ ஒரு சாட்சியாக மாறிய சம்பவம் 1999இல் நடந்தது. 320 குதிரைத்திறன் என்று விற்கப்பட்ட ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா கார்களை உரிமையாளர்கள் உருளையில் ஏற்றிப் பார்த்தபோது எண் ஒத்துவரவில்லை. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு முதலிய பாகங்களை மாற்றிக் கொடுத்தது. பட்டறை உருளையின் துல்லியம் என்ன என்று அதுவரை ஏளனம் பேசியவர்களுக்கு இது ஒரு பாடம். ஆனால் அந்தச் சம்பவத்தில் வென்றது தனியொரு எண் அல்ல. ஒரே மாடல் கார்கள் பலவும், பல ஊர் உருளைகளில், ஒரே திசையில் குறைவாகக் காட்டின. பின்னாளில் பட்டறைக்குப் பட்டறை ஒற்றைத் தாளைக் காட்டிச் சண்டை போட்டவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

திருத்தக் காரணி எனும் ஓர எண்

டைனோ தாளின் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு எண் இருக்கும்: 1.03, 1.08, 1.14 என்பது போல. திருத்தக் காரணி என்பது அதுதான். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் வளைகோட்டின் உச்சியைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். வளைகோட்டைவிட அந்த ஓர எண்ணில்தான் விஷயம் அதிகம்.

காற்று அடர்த்தியாக இருந்தால் இன்ஜின் அதிகம் விழுங்கும், சக்தி கூடும். வெயிலிலும் உயரத்திலும் குறையும். வெவ்வேறு ஊர்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே கற்பனைக் காற்றுக்கு மாற்றியாக வேண்டும். ஐஎஸ்ஓ 1585 தரநிலையும் எஸ்ஏஇ ஜே1349 தரநிலையும் வைத்திருக்கும் கற்பனைக் காற்று 25 டிகிரி வெப்பம், ஈரம் நீக்கிய 99 கிலோபாஸ்கல் அழுத்தம். பழைய ஜெர்மன் முறை 20 டிகிரியையும் கடல்மட்ட அழுத்தத்தையும் பிடித்துக்கொண்டது. அமெரிக்கப் பட்டறைகளில் செல்வாக்குள்ள இன்னொரு பழைய முறை 15.5 டிகிரிக் குளிர்காற்றை எடுத்துக்கொள்வதால், எஸ்ஏஇ எண்ணைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூட்டிக் காட்டும். மென்பொருளில் ஒரு சொடுக்கில் முறை மாறும். இன்ஜினில் ஒன்றும் மாறாது.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். டர்போ இல்லாத ஒரு பெட்ரோல் இன்ஜின், தரநிலைக் காற்றில் சரியாக 100 குதிரைத்திறன் தருவதாகக் கொள்வோம். ஐஎஸ்ஓ சூத்திரப்படி, சாதாரண வெயில் நாளில் சென்னையில் அது 97 அளவில் தரும். கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டருக்குச் சற்று மேலிருக்கும் தருமபுரியில் 92 அல்லது 93. தொள்ளாயிரம் மீட்டரைத் தாண்டிய பெங்களூருவில் 88. ஏற்காட்டுக்கு ஏற்றினால் 82 அருகே. தருமபுரிக்காரர் பெங்களூருவில் காரை உருளையில் ஏற்றினால் சக்கரம் 88க்கு உரிய விசையைத்தான் தள்ளுகிறது. தாளில் 100 என்று வருகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை, திருத்தம் செய்யும் வேலையே அதுதான். ஆனால் தரநிலையே ஒரு வேலியும் போட்டிருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்குக் காரணி 0.93க்கும் 1.07க்கும் நடுவே இருக்க வேண்டும்; தாண்டினால் சோதனைச் சூழலைக் கூடவே குறிப்பிட வேண்டும். பெங்களூருவின் உயரத்தில் 1.13, 1.14 என்று வருவது வேலிக்கு வெளியே. தருமபுரி வேலியின் மேலேயே நிற்கிறது: இதமான காலையில் உள்ளே, சித்திரை வெயிலில் வெளியே.

டர்போ கார்களில் சிக்கல் இன்னும் கூர்மையானது. உயரத்தில் காற்று மெலிந்தால் இன்ஜின் கணினியான ஈசியு டர்போவை வேகமாகச் சுழற்றி, குறித்த அழுத்தத்தைப் பெரும்பாலும் எட்டிவிடும். இழக்காத சக்திக்கு நஷ்டஈடு கொடுத்தால் என்ன ஆகும்? டர்போ இல்லாத இன்ஜினுக்கான அதே காரணியைப் பெருக்கினால் 13 சதவீதம் தாளில் இலவசமாக ஏறிவிடும். ரீமேப் செய்த வண்டிகளில் பெரும்பாலானவை டர்போ வண்டிகள் என்பதையும், விளம்பரங்கள் சொல்லும் கூடுதல் பொதுவாக இருபது முதல் முப்பது சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இது சில்லறைப் பிழை அல்ல. ரீமேப்புக்கு முன்பும் பின்பும் அதே காரணியைப் போட்டிருந்தால் விகிதம் சரியாகவே இருக்கும். பின்னதை மட்டும் அளந்து, ஆலை அறிவித்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் வினை.

உருளைமேல் நடப்பது

ஒரு ஓட்டத்தைக் கிட்டே நின்று பார்த்தால் எண் எங்கெல்லாம் நழுவும் என்பது தெரியும். காரின் இயக்கு சக்கரங்கள் உருளைமேல். நான்கு பக்கமும் வார்ப்பட்டை. பட்டையை இறுக்கினால் டயர் உருளையில் அமுங்கி, விசையில் ஒரு பகுதியைத் தின்னும், தளர்த்தினால் சறுக்கும். டயரில் காற்றழுத்தம் குறைந்தாலும் அப்படியே. ரேடியேட்டருக்கு எதிரே ஒரு மின்விசிறி. மூன்றாவது அல்லது நான்காவது கியர், நேர்விகிதத்துக்கு நெருக்கமானது எதுவோ அது. சுமார் 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்து, சிவப்புக்கோடு வரை. பத்துப் பன்னிரண்டு நொடி. கிளட்சை மிதித்து உருளையைத் தானாக நிற்க விடுவார்கள். அது மெல்ல நிற்கும் விதத்திலிருந்து கியர்பாக்ஸிலும் டயரிலும் போன இழப்பை மென்பொருள் மதிப்பிட்டு, சக்கரத் திறனோடு கூட்டி, இன்ஜின் திறன் என்று அச்சிடும். இழப்பு என்றால் எல்லா வண்டிக்கும் 15 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் பட்டறைகளும் உண்டு. அதற்கு எந்தப் பொறியியல் அடிப்படையும் இல்லை.

இந்த அளவில் இரண்டு எச்சரிக்கைகளை நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்று, ஒரே கருவியில், ஒரே நாளில், இன்ஜின் சூடு ஒரே நிலையில் இருக்கும்போது மூன்று ஓட்டமாவது எடுத்து, அவை நெருங்கி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு கடைத் தராசுகளில் ஒரே சாமானை நிறுத்துவிட்டுக் கடைக்காரரைச் சந்தேகிப்பது போலத்தான் இரண்டு ஊர் டைனோத் தாள்களை ஒப்பிடுவதும். டைனோஜெட் தாராளம், மஸ்டாங் என்ற பெயரிலுள்ள இன்னொரு டைனோ கஞ்சம் என்பது டியூனர்களிடையே பழைய பேச்சு.

இரண்டாவது எச்சரிக்கை கனமானது. வெறும் நிலைம உருளையால் சுமையை ஒரு புள்ளியில் நிறுத்தி வைக்க முடியாது. வண்டி வேகமெடுத்துக்கொண்டே இருக்கும். 3,000 சுற்றில் பாதி மிதியில் நிறுத்தி, டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, முறுக்குவிசை எங்கே உச்சம், நாக்கிங் எங்கே தொடக்கம் என்று தேடுவதற்குச் சுழல் மின்னோட்ட பிரேக் உள்ள உருளை வேண்டும். பைப்பில் காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் அகலக்கற்றை லாம்டா சென்சரும், நாக்கிங்கைக் கேட்கும் கருவியும் வேண்டும். மணிக்கணக்கில் ஆகும் வேலை அது. உண்மையில் டைனோவில் டியூன் செய்வது என்றால் இதுதான்.

சந்தையில் அந்தப் பெயரில் விற்கப்படுவதில் கணிசமான பகுதி வேறு. ஈசியுவிலிருந்து கோப்பைப் படித்து எடுத்து, எங்கோ தயாரான ‘ஸ்டேஜ் 1’ கோப்பை ஏற்றி, முன்னும் பின்னும் ஒரு ஓட்டம் ஓட்டித் தாளைக் கையில் கொடுப்பது. இங்கே டைனோ சாட்சி சொல்கிறதே தவிர டியூன் செய்யவில்லை. ஒரே மாடலின் நூற்றுக்கணக்கான வண்டிகளில் சோதித்துப் பக்குவப்பட்ட கோப்பு, ஒரே மதியத்தில் அவசரமாகச் செய்த தனிக்கோப்பைவிடப் பத்திரமானது என்று இதற்கு ஆதரவாக வாதிடுவோர் உண்டு. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இடத்தில் அந்த நியாயம் நின்றுவிடுகிறது.

ஆலை மிச்சம் வைத்ததா?

ரீமேப் ஆதரவாளர்களின் மையவாதம் எளியது: ஆலை பயந்து பயந்து செட் பண்ணியிருக்கிறது, அந்த மிச்சத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அடிக்கடி காட்டப்படும் உதாரணம் ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன், எஸ்எக்ஸ்4இல் 90. ஒரே இன்ஜின், சாஃப்ட்வேர் மட்டும்தான் வித்தியாசம் என்பார்கள். அது சரியல்ல. 90 வந்ததற்கு மாறு வடிவ டர்போ என்ற தனி வன்பொருள் காரணம். மென்பொருளால் மட்டும் அதே எண்ணை எடுத்தால், சிறிய டர்போவை அதன் சுகமான எல்லைக்கு வெளியே சுழற்றுகிறோம் என்று பொருள்.

இன்னொரு உதாரணம் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் உள்ள டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி. அதன் முறுக்குவிசை வரம்பு 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தாலும் கியர்பாக்ஸ் தயாரில்லை. ஆலை மிச்சம் வைத்தது இன்ஜினுக்காக மட்டும் அல்ல.

எரிபொருள் கதை இதைவிட நம் மண்ணுக்கு நெருக்கமானது. ஆலை, சாதாரண பங்கின் ஆக்டேனை நம்பி டைமிங் வைக்கிறது. உயர் ஆக்டேனுக்கு எழுதிய கோப்போடு பென்னாகரம் பக்கம் ஏதோ ஒரு பங்கில் சாதாரண பெட்ரோல் போட்டால், நாக் சென்சர் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து இன்ஜினைக் காப்பாற்றும். கொடுத்த காசுக்கு வந்த சக்தியும் அதோடு போகும். 2025க்குள் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும், அந்த வகையில் டியூனருக்கு நண்பன். ஆனால் முழு எரிப்புக்குப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இந்தக் கலப்புக்குச் சுமார் 13.5 போதும். பழைய கலப்பில் டைனோவில் செதுக்கிய முழுமிதிக் கோப்பு, புதிய கலப்பில் மெலிந்துவிட வாய்ப்புண்டு. ஈசியுவின் தன்திருத்தம் ஓரளவு தாங்கும். எந்த அளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். டைனோத் தாள் ஒரு குறிப்பிட்ட தேதியின் பெட்ரோலுக்குரிய ஆவணம் என்பதை வாங்கியவர்களும் விற்றவர்களும் அதிகம் பேசுவதில்லை.

மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதியைச் சீக்கிரமே கடந்துவிடலாம். முழுமிதியில் பத்து நொடி ஓடிய ஓட்டம் நெடுஞ்சாலைச் சீர்வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டீசல் ரீமேப்பில் இன்ஜெக்டர் திறப்பு நேரத்தின் கணக்கையே மாற்றியிருந்தால், டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பதே நம்பகமான வழி.

மலையே டைனோ என்பவர்கள்

மூன்றாவது தரப்பு சாலைக்காரர்கள். கோவை, சென்னைப் பந்தய வட்டாரத்தில் இந்தத் தரப்பு வலுவானது. சோழவரம் காலத்திலிருந்தே அங்கே இறுதித் தீர்ப்பு ஸ்டாப்வாட்ச்தான். 1980களின் இறுதியில் எஸ்.கரிவரதன் கோவையில் ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கியபோதும், இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் ஓடும் கார்களுக்கும் சுற்று நேரமே கடைசிச் சொல். உச்ச எண்ணில் ஐந்து கூடி, வளைவை விட்டு வெளியேறும்போது இழுவை குறைந்தால் சுற்று நேரம் ஏறிவிடும்.

சாதாரணச் சாலைக்கு இதைக் கொண்டுவந்தால் தொப்பூர் வருகிறது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி ஏறும்போது, 1,200 கிலோ எடையுள்ள கார் 5 சதவீதச் சரிவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏற, சரிவுக்கென்று தேவைப்படுவது 13 குதிரைத்திறன். காற்றுக்கும் டயருக்கும் இன்னும் கொஞ்சம். நூறு குதிரைத்திறன் காரின் உச்ச எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. கியர் மாற்றாமல் ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது 1,800 முதல் 2,500 சுற்று வரை கிடைக்கும் முறுக்குவிசை. டைனோத் தாளின் இடது ஓரம். விளம்பரத்தில் பெரிதாக அச்சாவது வலது ஓரம். லாரிக்கு மட்டும் கணக்கு வேறு. 49 டன் பாரத்தோடு 200 குதிரைத்திறன் லாரி அதே சரிவில் மணிக்கு 20 கி.மீ.ஐ எட்டுவதே பாடு. அங்கே ஒவ்வொரு குதிரையும் கணக்கில் வரும். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் இழுவை என்று சொல்வதும் கார்க்காரர் பிக்அப் என்று சொல்வதும் ஒரே வளைகோட்டின் இரண்டு முனைகள்.

சாலைக்காரர்களின் இன்னொரு வாதத்துக்கு டைனோக்காரர்களிடம் முழுப் பதில் இல்லை. பட்டறை விசிறி எவ்வளவு பெரிதானாலும் நூறு கி.மீ. வேகத்தில் மோதும் காற்றுக்கு ஈடாகாது என்பதால் உருளையில் இன்டர்கூலர் சீக்கிரம் சூடாகும். மறுபுறம், உருளை ஓட்டம் பத்து நொடியில் முடிந்துவிடும். கணவாய் ஏற்றம் நிமிடக் கணக்கில், ஏசி ஓட, முன்னால் லாரி மறைக்க, 38 டிகிரியில் நடக்கும். டைனோவில் எட்டிப் பார்க்காத நாக்கிங் அங்கே எட்டிப் பார்க்கலாம். சாலை முறையின் பலவீனமும் வெளிப்படையானது. காற்று, சரிவு, போக்குவரத்து எதுவும் இரண்டு முறை ஒரே மாதிரி அமையாது. தவிர, விபத்துகளுக்குப் பெயர்போன கணவாயைச் சோதனைக்களமாக்குவதை எந்தப் பொறுப்புள்ள டியூனரும் பரிந்துரைக்க மாட்டார். டைனோவில் அடித்தளம் போட்டு, காரின் கண்டறிதல் இணைப்பான ஓபிடி வழியாகச் சாலையில் பதிவெடுத்துத் திருத்துவது என்ற கலப்புமுறைக்குப் பலரும் வந்துசேர்ந்திருப்பதன் காரணம் இது.

புகை, சட்டம்

டைனோ காட்டாத பக்கம் ஒன்று உண்டு. உருளைமேல் இருக்கிறோம் என்பதை வண்டியே கண்டுபிடிக்க முடியும் என்று 2015இல் உலகுக்குத் தெரிந்தது. ஃபோக்ஸ்வாகன் டீசல்களின் மென்பொருள், ஸ்டீரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுழல்வது போன்ற குறிகளை வைத்துச் சோதனையை அறிந்து, அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்தியது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு கையடக்கக் கருவியோடு சாலையில் ஓட்டியதால்தான் குட்டு உடைந்தது. இந்தியாவிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2023 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 இரண்டாம் கட்டத்தில் உண்மைச் சாலை உமிழ்வுச் சோதனை சேர்ந்ததற்கு இது ஒரு பின்னணி.

தனியார் ரீமேப் இதே தராதரத்தில் பார்க்கப்பட வேண்டும் என்று சுற்றுச்சூழல் தரப்பு சொல்கிறது. டீசல் புகைத்துகள் வடிகட்டியையும், புகையை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆரையும் முடக்கும் கோப்புகள் உலகெங்கும் விற்பனையில் உள்ளன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்அப் வண்டிகளில் உமிழ்வுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. உமிழ்வுக் கருவிகளைத் தொடாத கோப்பையும் தொடும் கோப்பையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம் என்பது டியூனர்களின் எதிர்வாதம். சக்தி எண்ணோடு லாம்டா வரைபடத்தையும் புகை அளவையும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் அந்த எதிர்வாதத்துக்கு வலு கூடும்.

சட்டத்தில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அடிப்படை. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. உடலமைப்பு மாற்றங்களைச் சுற்றியே விவாதம் நடந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாத கோப்பு மாற்றம் அதில் எங்கே நிற்கிறது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. பதிவுச் சான்றில் குதிரைத்திறனுக்கும் ஓரிடம் இருப்பதால், தன் கார் 30 சதவீதம் கூடிவிட்டது என்று டைனோத் தாளை மாட்டி வைப்பவர் தனக்கெதிரான ஆவணத்தைத் தானே அச்சடித்துக்கொள்கிறார் என்றும் வாதிடலாம்.

இன்னும் திறந்திருப்பவை

முன்பின் ஒப்பீட்டுக்கு டைனோ நல்ல கருவி என்பதில் இன்று தரப்புகளிடையே பெரிய பிணக்கு இல்லை. ஒற்றை எண்ணாக அதன் மதிப்பு குறைவு என்பதிலும் பொறியாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். பிணக்கு நீடிப்பது ஆயுள் விஷயத்தில். ஸ்டேஜ் 1 ஏற்றிய டர்போ பெட்ரோல் கார், இந்த வெயிலிலும் இந்த எரிபொருளிலும் ஒன்றரை லட்சம் கி.மீ. ஓடிய பிறகு டர்போவும் கிளட்சும் என்ன நிலையில் இருக்கும் என்பதற்கு விற்பவர் சொல்வதும், கெட்டுப்போன வண்டிக்காரர் சொல்வதும் மட்டுமே சான்றாகப் புழங்குகின்றன. இரண்டும் சார்புள்ளவை. உயரத்திலுள்ள டைனோவில் டர்போ வண்டிக்கு எந்தக் காரணி பொருந்தும் என்பதிலும் பட்டறைகள் பொதுவான வழக்கத்துக்கு வரவில்லை. திருத்தாத எண்ணையும் சேர்த்து அச்சிடுவது இப்போதைக்கு நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

கண்காணிப்பு இன்னொரு திறந்த கேள்வி. ஈசியு கோப்பு மாறினால் அதன் சரிபார்ப்பு எண்ணும் மாறும். ஓபிடி இணைப்பில் அதைப் படிக்கத் தரநிலையிலேயே வழி உண்டு. கலிஃபோர்னியா 2021 ஜூலையிலிருந்து ஈராண்டுக்கொருமுறை நடக்கும் புகைச் சோதனைகளில் அந்த எண்ணையும் பார்க்கிறது. நம் பங்குகளில் பியுசி சான்றுக்குப் புகைக்குழாயில்தான் குழாய் சொருகப்படுகிறது. அந்தச் சோதனை ஓபிடி சாக்கெட்டுக்கு நகர்ந்தால், நன்றாகச் செய்த டியூனும் மோசமாகச் செய்த டியூனும் ஒருசேர மாட்டும். இரண்டையும் பிரித்துச் சான்றளிக்க ஒரு முறை வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் உமிழ்வுச் சோதனையில் தேறிய கோப்புகளுக்குத் தனி விலக்கு ஆணை தரும் ஏற்பாடு உண்டு. இங்கே அப்படியொரு சான்றை ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனம் வழங்குவதா, அதன் செலவைச் சிறிய பட்டறைகள் தாங்குமா என்ற விவாதம் தொடங்க வேண்டிய கட்டத்தில்தான் இருக்கிறது.